பத்து மணி நேரக் கரண்ட்

ஓடிப்போனாளாம்! எந்த வாய் சொன்னது அதை? ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், முழு லயமும் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று வேடிக்கை பார்க்க, பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டா போவாள்? அதுவும் ஆகிப்போடு போனாளாம். ஆகிப் கண்டி டவுனில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர். என் பேத்தி சுதர்சினி அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற மனுசனோடு அவளைச் சேர்த்துப் பேச இந்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்திக்குத்தான் நாக்கு வரும். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு அழகம்மாவுக்கு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடந்ததை நடந்த மாதிரி சொல்லத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள், நடுவில் திருத்தாதீர்கள்.

சுதா என் மகள் பிள்ளை. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது என் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டே வருசம் என்று சொல்லிப் போனவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சுதாவுக்கு இப்போது இருபத்திரண்டு. இவளாவது பிழைப்புக்கென்று இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்பது என் பிடிவாதம். அது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும்.

கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாகக் காட்டுகிற படிப்பைக் கண்டியில் படித்தாள். கொழும்பில் ஒரு கம்பனி, “ஒரு ஹோட்டலுக்கு மூன்று படம் செய்து பத்து நாளில் அனுப்பு. நன்றாக இருந்தால் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம்” என்றது. வீட்டிலிருந்தே! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டபோது கிடைத்த காசை எடுத்துக் கொடுத்தேன். ரெடியாக வாங்கினால் கட்டுப்படியாகாது, சாமானைத் தனித்தனியாக வாங்கி நானே ஒன்றாகச் சேர்த்துப் பூட்டுகிறேன் என்றாள். நானும் கூடவே போனேன்.

முதலில் படத்தை எல்லாம் போட்டு வைக்கிற சாமான். ஆகிப் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் இடம் நிறைய, ஆனால் மெதுவாம். மற்றது சின்னது, வேகமாம்.

“பெருசையே வாங்குடி,” என்றேன்.

“அம்மாயி, நீங்க மலைக்குப் போறப்போ கூடையா கட்டிக்கிட்டுப் போனீங்க, இல்ல கொழுந்து ஸ்டோர கட்டிக்கிட்டுப் போனீங்களா?”

சின்னதையே வாங்கினாள். பேச்சில் என்னைப் போல.

அடுத்தது பவர் சப்ளை. எல்லாச் சாமானுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதானாம். சாமானை எல்லாம் அடைக்கிற தகரக் கூட்டோடு ஒன்று சும்மா வரும், ஆனால் தனியாக வேறு வாங்குவது நல்லது என்றார் ஆகிப். இரண்டின் மேலும் ஒரே நம்பர்தான் எழுதியிருக்கிறதாம். நம்பர் எனக்கு எதற்கு? இரண்டையும் கொண்டா என்று கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருசம் கொழுந்து பறித்து நிறுத்த கை. தராசு சொல்லும் முன்னே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுந்தில் ஈரம், தண்ணீர்க் கழிவு என்று இரண்டு கிலோவை வெட்டிவிடுவார்கள்.

“இந்தச் சும்மா வர்றதுல உள்ளுக்க ஒண்ணுமே இல்ல தம்பி. வெறுந்தகரம்.”

ஆகிப் சிரித்தார். “ஆச்சி, நாளைக்கே கடைக்கு வேலைக்கு வாங்க. இங்க வர்ற கம்ப்யூட்டர் படிச்ச பொடியன்மாருக்கே இது தெரியாது.”

கனமானதையே வாங்கினோம். இதை நான் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

கடைசியாக, படம் வரைகிற கிராபிக்ஸ் கார்ட். சுதாவின் கண் பெரிய கார்டிலேயே இருந்தது. அதில் ஒரு படம் நாலு மணி நேரத்தில் முடியுமாம். ஆகிப் அதை எடுக்காமலே கேட்டார்: “தங்கச்சி, இது கரண்ட அப்படியே குடிக்கும். வீட்டுல கரண்ட் எப்படி?”

ஒரே வயரில் தொங்குகிற ஐந்து காம்பராவில் எங்களுடையது கடைசி. “சின்னதையே தாங்க நானா,” என்றாள் சுதா. சின்னதில் ஒரு படத்துக்குப் பதினோரு மணி நேரம். அந்தக் கணக்கு அன்று எனக்கு உறைக்கவில்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பொட்டு வைக்காமல் எந்த ஆயுதமும் வேலைக்குப் போகாது. ஆயுத பூசை அன்று தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் சந்தனம், பெக்டரி மெஷினுக்கும் சந்தனம். சுதா குளிக்கப் போன நேரம் சந்தனத்தைக் குழைத்துக் குங்குமமும் எடுத்து எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தேன். கார்டின் ஓரத்தில் தங்கப் பல்லாக ஒரு வரிசை மின்னியது. சாமி முகமே அதுதான் என்று அதன்மேல் தாராளமாக மூன்று பொட்டு. மிச்சத்தைத் துணியால் வழித்துவிட்டேன். வந்தவள் பார்க்காமலே பூட்டிவிட்டாள். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினாள். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கார்டைக் கடைக்குக் கொண்டுபோனாள். ஆகிப் அந்தத் தங்கப் பல் வரிசையைப் பார்த்துவிட்டு, “யாரு இதுக்கு மருதாணி போட்டது?” என்று கேட்டாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்ததும் படம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஏன் அம்மாயி அங்க வெச்சீங்க?”

“பொட்ட நெத்தியில வெக்காம முதுகுலயா வெப்பாங்க?”

அதற்குப் பிறகு கரண்ட். காலையில் எல்லாரும் தேத்தண்ணீர் வைத்து மலைக்குப் போக ஏழு மணி. பின்னேரம் ஐந்துக்கு அழகம்மா கரண்ட் அடுப்பில் உலை வைப்பாள். அவள் போட்ட அந்தக் கணமே எங்கள் லைட் மஞ்சளாகச் சுருங்கும், மெஷின் பொசுக்கென்று நிற்கும். நடுவில் இருப்பது பத்து மணி நேரம். படத்துக்கு வேண்டியது பதினொன்று. நின்றால் முதலிலிருந்து. இரவில் எல்லாரும் அடங்கி எழும்பும் வரை ஏழு மணி நேரம்கூட இல்லை. ஒரு மணி நேரம் தாங்குகிற பேட்டரி வாங்கலாம், ஆனால் அது மெஷின் விலை வரும் என்றார் ஆகிப். மூன்று நாள் தொடர்ந்து பத்தாவது மணியில் படம் செத்தது. நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் அடுப்பு விறகடுப்பு. அதில் ஒரு குற்றமும் இல்லை.

நாலாம் நாள் அழகம்மாவிடம் போனேன். “ஏ அழகம்மா, மூணு நாளைக்கு உன் வீட்டுச் சோத்தையும் நானே விறகுல ஆக்கித் தாறேன். அடுப்ப மட்டும் ஆறு மணிக்கு மேல போடு.”

“என்னா வேலாயி அக்கா, ஒங்க பேத்தி பொட்டிக்காக எங்க வீட்டுல ஒல வெக்கக்கூடாதா? அந்தக் கடைக்காரங்கிட்ட சொல்லுங்க, தனி வயரே இழுத்துக் குடுப்பான்.”

அங்கே நான் பேசாமல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் மகன் வயரில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்த பழைய கதையைக் குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மறுநாள் அவள் நாலு மணிக்கே அடுப்பைப் போட்டாள். பத்து மணி நேரமும் ஒன்பதாகிப் போனது.

சுதா போனை எடுத்தாள். கூடப் படித்த பஸ்லினாவின் வீடு கண்டிக்கு அந்தப் பக்கம், கட்டுகஸ்தோட்டையில். மேல் மாடி அறை சும்மா கிடக்கிறதாம், கரண்டும் நிற்காதாம்.

“மூணு நாளைக்குத்தானே?” என்று கேட்டேன்.

“வேல கெடைச்சாலும் இங்கருந்து செய்ய ஏலாது அம்மாயி. ஒங்களுக்கே தெரியும்.”

தெரியும். இரண்டு வருசம் என்று பொய் சொல்லாமல் போகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

சாமான் குலுங்கக்கூடாது என்று ஆகிப்தான் ஆட்டோ கொண்டுவந்தார். பின் சீட்டில் பஸ்லினா உட்கார்ந்திருந்தது மட்டும் அழகம்மா கண்ணுக்குத் தெரியவில்லை போல. சுதா கார்டைக் கழற்றி என் பழைய சேலைத் துணியில் சுற்றினாள். பவர் சப்ளையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கனம் அப்படியேதான் இருந்தது. நான் எடுத்த சாமானில் ஒரு குறையும் இல்லை.

கையோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். சுதா பதறிப்போய் கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இதுக்கு வேணாம் அம்மாயி. எனக்கு வைங்க.”

வைத்தேன். நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்து வாசலைத் தாண்டிப் போனாள்.