தானாக மாறிய படங்கள்

பிரிக்பீல்ட்ஸில் எனக்குச் சிறிய போட்டோ கடை. ஒருநாள் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா, குடும்பப் படங்களை டிவிடியில் போட்டுத் தரச் சொல்லி வந்தார். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்ட கணவர், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழக வேண்டுமாம்.

“டிவிடில படம் தானா மாறக்கூடாது தம்பி. அவரு ரிமோட்ட அமுக்குனாதான் அடுத்தது வரணும், ஓகேவா?”

சரி என்றேன். ஆனால் வேறொருவரின் கல்யாண ஆல்பத்தை முடிக்கும் அவசரத்தில், வழக்கம்போல் ஐந்து விநாடிக்கு ஒரு படம் மாறும்படி செய்து, போட்டுக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் போன் வந்தது.

“இவரு வாயத் தொறக்கறதுக்குள்ள படம் மாறிடுது. அழுவுறாரு. மிஷின் கோளாறா தம்பி?”

“ஆமாக்கா, மிஷின்தான்.” வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அன்றே படம் தானாக மாறாத புது டிவிடி செய்து, கிள்ளானுக்குக் காரை ஓட்டினேன். இனிமேல் அந்த மனிதர் முயற்சியே செய்யாமல் போய்விட்டால்?

அவர்கள் வீட்டில் டிவிடியைப் போட்டதும், முதல் படத்தில் அவருடைய மகள். அவர் உதடுகள் நடுங்கின, சத்தம் வரவில்லை. பார்க்கத் தாங்காமல் ரிமோட்டை வாங்கக் கை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, “வா... வாணி” என்றார் கணவர். பிறகு அவரே பொத்தானை அமுக்கினார்.

கிளம்பும்போது, “தப்பு என்னோடதுக்கா, மிஷின் இல்ல” என்றேன்.

“தெரியும் லா. அதான் ஓடி வந்துட்டீங்களே.”

அக்கா திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். இப்போதெல்லாம் ஒரு டிவிடியைக்கூட முழுதாக ஓட்டிப் பார்க்காமல் கடையை விட்டு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.