நான்கு முறை படித்தவன்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி டீக்கடையை நோக்கி நடக்கும்போதுதான் சுவரில் அந்தக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்தேன். பூங்கொடியின் படம். பெயருக்கு முன்னால் ‘எழுத்தாளர்’ என்று போட்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்துவிட்டார் என்பது உறைப்பதற்கு முன்னால் எனக்கு அந்தச் சொல்தான் உறைத்தது. நான் ஏழு சிறுவர் நாவல்கள் எழுதியவன். நாளை நான் போனால் என் போஸ்டரில் ‘வேளாண்மைத் துறை, ஓய்வு’ என்றுதான் போடுவார்கள். ஒரே ஒரு புத்தகம் எழுதியவருக்கு இந்தச் சொல்லா என்று நினைத்துவிட்டு, அதன் பிறகுதான் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

“தெரியாதா சார்?” என்றார் டீக்கடைக்காரர். “தலவலின்னுச்சு. மயக்கமா வுழுந்துடுச்சு. திருச்சிக்குக் கொண்டு போனாங்க. மூணே நாளு.”

நாற்பத்தேழு வயது. அந்தக் கடைக்கு நாலு கடை தள்ளித்தான் அவருடைய டி.டி.பி. சென்டர். ஷட்டர் இறங்கியிருந்தது.

பூங்கொடியை அறிந்த உங்களில் பலர் அவருடைய அன்பைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் எழுதுவீர்கள். எல்லாம் உண்மைதான். அவர்மேல் நான் பட்ட பொறாமையை மட்டும் நான்தான் எழுத வேண்டும்.

எனக்கு அரியலூரில் வீடு, ஓய்வு பெறும்வரை பெரம்பலூரில் வேலை. தினமும் பஸ்தான். ஆபீஸ் முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் என் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்யக் கொடுக்க ஒரு கடை தேடினேன். கல்யாணப் பத்திரிகை, மனு, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் இவற்றுக்கு நடுவே என் நாவலையும் வாங்கிக்கொண்டார் பூங்கொடி. ஒரு வாரம் கழித்துப் போனேன். பிழையில்லாமல் அடித்து வைத்திருந்தார். தாள்களை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“சார், நாலாவது அத்தியாயத்துல ஒரு நாய் வருதுல்ல, அது அப்பறம் எங்க போச்சு?”

நாயை நான் மறந்தே போயிருந்தேன். “அது முக்கியமில்லம்மா. கடத்தல்காரங்களப் புடிக்கிறதுதான் கதை” என்றேன்.

“பிள்ளைங்க கடத்தல்காரன மறந்துடும் சார். நாய மறக்காது.”

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் நாயைக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்தேன். புத்தகம் வெளிவந்த பிறகு எனக்கு வந்த முதல் கடிதத்தில் ஒரு சிறுமி அந்த நாயைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் பூங்கொடிக்கு நான் காட்டவில்லை.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அவர் ஒரு வரிசைப் புத்தகங்கள் வைத்திருந்தார். எல்லாம் சிறுவர் கதைகள், பதின்வயதினருக்கான நாவல்கள். ஆடி மாதத்தில் பத்திரிகை அடிக்க ஆள் வராது. அந்த மாதம் முழுக்க அவற்றை முதலிலிருந்து மறுபடி படிப்பார். வருஷா வருஷம் அதே புத்தகங்கள். அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, டேப்பும் மஞ்சளாகிப் போனவை.

“முடிவு தெரிஞ்ச கதைய எதுக்கும்மா திரும்பப் படிக்கிற?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மொத தடவ படிக்கிறப்ப என்ன ஆவுமோன்னு ஓடிக்கிட்டே இருப்போம் சார். முடிவு தெரிஞ்சப்புறம்தான் அவங்க கூட நின்னு பேச முடியுது.”

நான் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாவல்கள் அப்போது மூன்று வந்திருந்தன. மூன்றும் அங்கே இருந்தன. முதுகில் ஒரு மடிப்புகூட இல்லாமல், கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே. அடிக்கும்போது ஒருமுறை படித்தார், அத்தோடு சரி. பக்கத்தில் நைந்து கிடந்த புத்தகங்களை எழுதியவர்கள்மேல் அன்று எனக்கு எழுந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? அவர்கள் எங்கோ இருப்பவர்கள், சிலர் உயிரோடும் இல்லை. அவர்கள்மேல் வந்த எரிச்சல் அடுத்த சில வருடங்களில் பூங்கொடியின் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியபோது, அவர் ஒரு கட்டுத் தாளை நீட்டினார்.

“நான் எழுதுனது சார். யாருகிட்டயும் காட்டல. நீங்க பாத்துட்டு சொல்லுங்க.”

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். ‘நத்தைக்கல் தேடிய மல்லி’ என்று தலைப்பு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில், எப்போதோ கடலாக இருந்த காலத்து நத்தைகள் கல்லாகிக் கிடக்கும். கதையில் வரும் மல்லிக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய அக்கா மில் வேலைக்காகத் திருப்பூர் போகப்போகிறாள். அக்காவுக்குக் கொடுத்தனுப்ப ஒரு நத்தைக்கல் தேடி, கைவிடப்பட்ட குழிக்குள் இறங்குகிறாள் மல்லி. கல் கிடைக்கிறது. ஓடி வருகிறாள். அதற்குள் பஸ் போய்விடுகிறது. கதை அவ்வளவுதான். நான் அரியலூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பேருந்து நிலைய பெஞ்சிலேயே உட்கார்ந்து மிச்சத்தை முடித்தேன். இதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இருபது வருடமாக எழுதுகிறேன், எனக்கு ஏன் இந்த மல்லி வரவில்லை?

மறுநாள் அவரிடம், “நல்லாருக்கும்மா, கொஞ்சம் சுருக்கலாம்” என்றேன். அவர் ஒரு வரிகூடச் சுருக்கவில்லை.

புத்தகம் வந்தது. விக்கிரமங்கலத்தில் ஒரு பள்ளி விழாவுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். என்னிடம் வந்த பிள்ளைகள், “உங்க கதை சூப்பரா இருந்துச்சு சார், படிச்சிட்டேன்” என்றார்கள். படித்துவிட்டேன் என்றால் முடித்துவிட்டேன் என்று பொருள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பூங்கொடியிடம் வந்தாள். அவள் கையில் இருந்த பள்ளி நூலகப் பிரதி தாள் தாளாகப் பிரிந்திருந்தது.

“இத ஆறு தடவ படிச்சிட்டேன் டீச்சர்” என்றாள். பூங்கொடி டீச்சர் இல்லை, ஆனால் திருத்தவில்லை.

“ஏன்டா கண்ணு, அதே கதைதான?”

“இந்தத் தடவயாச்சும் பஸ்சு போறதுக்குள்ள வந்துடுவாளான்னு பாக்குறேன்.”

பூங்கொடி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். எனக்குத் தாகம் இல்லை.

அடுத்த வருடம்தான் அது நடந்தது. கிராமத்துப் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் ஒரு நண்பர் குழு, பட்டியல் தயாரிக்க மூன்று பேரைக் கேட்டது. அதில் நானும் ஒருவன். பூங்கொடியின் புத்தகத்தின் முறை வந்தபோது மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சிறுவர் இலக்கியம் தெரிந்தவன் நான்தானே. “நல்ல நடை. ஆனா முடிவு பிள்ளைங்க மனச நோகடிக்கும்” என்றேன். இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது. பட்டியலிலிருந்து புத்தகம் போனது. பிள்ளைகளின் நன்மைக்குத்தான் சொன்னேன் என்று வீடு வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்படிப்பட்ட விஷயம் எங்கள் ஊர்ப் பக்கம் மறைந்து கிடக்காது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூங்கொடி அரியலூருக்குப் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவி கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

“என் புத்தகம் வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாம். அது பரவால்ல சார். என்ன தப்புன்னு என்கிட்ட சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

“முடிவு… கொஞ்சம் சோகமா…”

“சார், முழுசாப் படிச்சீங்களா?”

“படிக்காம இருப்பனா?”

“எத்தனை தடவ?”

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வாயில் வரவில்லை. “நாலு” என்றேன். அதுதான் உண்மை. எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது முறை எடுத்தேன். மூன்றாவதும் அதற்குத்தான். நான்காவது முறை எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை.

பூங்கொடி என்னையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது. அப்புறம் சிரித்துவிட்டார்.

“நாலு தடவயா? அப்ப அந்த லிஸ்ட்டு கெடக்கட்டும், வுடுங்க சார்” என்று ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். “ஆனா நீங்க செஞ்சது தப்பு. அதையும் சொல்லிட்டுப் போயிடறேன்.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் என் இரண்டு நாவல்களை அவர்தான் அடித்துக் கொடுத்தார். மறந்துபோன நாய்களையும் பாதியில் காணாமல் போன தாத்தாக்களையும் எப்போதும்போல் கண்டுபிடித்துச் சொன்னார். ஒவ்வொரு முறையும் இன்று கேட்டுவிடலாம் என்று போவேன். யாராவது பத்திரிகை மாடலோடு வந்து நிற்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கேட்க வேண்டாம் என்றிருப்பவனுக்குக் காரணமா கிடைக்காது?

போஸ்டரைப் பார்த்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். காரியமெல்லாம் முந்தின நாளே முடிந்திருந்தது. அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் மகள் கயல்தான், நான் பெயரைச் சொன்னதும் கேட்டாள்.

“நாலு தடவ படிச்ச சாரா?”

வீட்டில் என்னை அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தடுத்தவன் என்று சொல்லவில்லை. அங்கே எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கயல் உள்ளே போய்ப் பதினேழு தாள்கள் கொண்டு வந்தாள். அம்மா புதிதாக எழுதத் தொடங்கியது. “நீங்களே மீதிய எழுதி முடிச்சிக் குடுங்க சார். எழுதறவங்கள்ல அம்மாவுக்கு உங்களத்தான் தெரியும்.”

வாங்கி வந்தேன். பாடாலூரில், நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பள்ளியும் உள்ள ஒரு சிறுமி. சாலையைத் தாண்டப் பயம். ஒருநாள் யார் கையையும் பிடிக்காமல் கிளம்புகிறாள். பதினேழாம் பக்கத்தில், சாலைக்கு நடுவே இருக்கும் திட்டில் நிற்கிறாள். இரண்டு பக்கமும் லாரிகள். கதை அங்கே நின்றுவிட்டது.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒரு நல்ல போலீஸ்காரரைக் கொண்டுவந்து, வண்டிகளை நிறுத்தி, அவளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்த்தேன். படித்துப் பார்த்தேன். என் கதைகளில் எப்போதும் நடப்பது அதுதான். யாரோ வந்து சேர்த்துவிடுவார்கள். சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளையோடு யாருக்கும் வேலை இருக்காது.

பதினேழு தாள்களையும் கயலிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“என்னால முடியலம்மா. உங்க அம்மா மாதிரி எனக்கு எழுத வராது. இதுல யாரும் கை வைக்க வேணாம். நின்ன எடத்துலயே நிக்கட்டும், அப்படியே அச்சுக்குக் குடு.”

உங்களைப் போல எனக்கு எழுத வராது என்பது பூங்கொடியிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அவர் மகளிடம்தான் சொல்ல வாய்த்தது. மல்லியின் கதையைத் தடுத்தது நான்தான் என்பதையும் அன்று அவளிடம் சொன்னேன். “தெரியும் சார்” என்றாள்.

இப்போது எட்டாவது நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் முடிந்ததும், இதையே அவர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. வயிறு எரிகிறது. பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறேன். பூங்கொடியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த எரிச்சல்தான். ஆள் போன பிறகு இதுவும் மெல்ல ஆறிவிடுமோ என்பதுதான் இப்போது என் பயம்.