சாகுஸோ விரித்த பாய்

சாகுஸோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஒஸாகாவில் ஆள் கிடையாது.

வீடுகளுக்கு நகரும் கதவு செய்துவந்த தச்சன் அவன். செகிகுச்சி முதலாளி மோட்டார் வண்டிப் பட்டறை ஆரம்பித்தபோது, ஆட்கள் உட்காரும் மரக்கூண்டு செய்ய அவனை அழைத்து வந்தார். எஞ்சின் என் பொறுப்பு. மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஓடுகிற வண்டி ஒன்றைச் செய்தோம். கூண்டை அவன் அழகாகத்தான் செய்திருந்தான். ஆனால் தரையில் பச்சைக் கோரைப்பாய் விரித்து, ஓரத்துக்குப் பட்டுக்கரை தைத்து வைத்திருந்தான்.

"யோவ், இது வண்டிய்யா. பாயை எடு" என்றேன்.

"கதவு இருக்கு, கூரை இருக்கு, உட்கார இடம் இருக்கு. மண் காலோட எவன் உள்ள வருவான்?"

"எல்லாரும் வருவாங்க."

"உன் வீட்டுல வருவாங்களோ என்னமோ."

முதலாளி பாயைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார். அதோடு என் பேச்சு எடுபடவில்லை.

கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் ஹிராவோ, ரயிலடியிலிருந்து விருந்தாளிகளை ஏற்றிவர ஐந்து வண்டி வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அவர் வாங்கினால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் எல்லாரும் வேறு வேலை தேட வேண்டும்.

ஒத்திகை ஓட்டத்துக்கு ஹிராவோவும் மனைவியும் மைத்துனரும் ரயிலடியில் ஏறினார்கள். சாகுஸோ என் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு எஞ்சின் சத்தத்தின் மேலேயே கவனம். மலைப்பாதையில் ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறினோம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஓட்டியதில்லை.

விடுதி வாசலில் மழைச்சேறு. ஹிராவோ கதவைத் திறந்து காலைக் கீழே விட்டுத் துழாவினார். மரச்செருப்பு இல்லை. மூன்று ஜோடியும் ரயிலடியில், வண்டி நின்ற இடத்தில், வரிசையாக இருந்தன. பாயைப் பார்த்ததும் கழற்றிவிட்டு ஏறியிருக்கிறார்கள்.

வெள்ளைக் காலுறையோடு சேற்றில் இறங்கினார் மனுஷர்.

"வர்ற விருந்தாளி எல்லாம் இப்படித்தான் வந்து இறங்கணுமா?"

"பாயை நாளைக்கே எடுத்துடறோம் ஐயா" என்று குனிந்தேன்.

சாகுஸோவும் குனிந்தான். சும்மா இருந்திருக்கலாம். "பாயை எடுத்துட்டா அது நான் செஞ்ச வண்டி இல்லைங்க" என்றான்.

ஹிராவோ அமெரிக்க வண்டி வாங்கினார். புது வருஷத்துக்கு முன்பே பட்டறையை மூடினோம். முதலாளி கூண்டை சாகுஸோவிடமே கொடுத்துவிட்டார்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் கூண்டுக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏறி வா, உட்கார்ந்து திட்டு" என்றான்.

திட்டிக்கொண்டே ஏறினேன். ஐந்து வண்டி, என் மூன்று வருடம், அத்தனை பேர் பிழைப்பு, எதையும் விடவில்லை. அவன் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினான். குடித்து முடித்து, இன்னும் கோபம் தீராமல் இறங்கக் காலை நீட்டினேன். கால் தானாகக் கீழே செருப்பைத் துழாவியது.

எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. சாகுஸோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.