பேச்சியம்மா அக்கா தேடித் தந்த மாத்திரை

காலை பத்து மணி இருக்கும். திருமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா அக்காவின் மகள் கௌசல்யா உசிலம்பட்டியிலிருந்து போன் பண்ணினாள். "செல்வி சித்தி, மஸ்கட்ல அம்மா கம்பெனியில இருந்து யாரோ பேசுறாக. இந்தியில பேசுறாக, எனக்கு ஒண்ணும் விளங்கல. லைன்ல சேத்து விடுறேன், என்னான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

சேர்த்து விட்டாள். அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று அந்த ஆள் சொன்னான். நான் இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னான். கௌசல்யா நடுவில், "என்ன சித்தி சொல்றாக? அம்மா லீவு கேட்டுருந்துச்சே, அதப் பத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு இந்தி பேசக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். அந்த இந்தியில் அக்கா போன சேதியைக் கேட்டு, அதை அக்கா மகளுக்கு நான் தமிழில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. மஸ்கட்டில் எங்களோடு வேலை பார்த்த பலர் இப்போது மதுரையைச் சுற்றித்தான் இருக்கிறீர்கள். கருமாதிக்கு வர முடியாதவர்கள் அக்காவுக்கு என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்ல என்னால் ஆகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், அங்கே எங்களுக்கு ஒரு பெரிய கடைவளாகத்தில் தரை துடைக்கும் வேலை. அடுக்குக் கட்டிலில் நான் மேலே, அக்கா கீழே. அங்கே போய் இரண்டாவது வருசத்தில் எனக்கு இடது கால் வீங்கியது. நின்றே பார்க்கிற வேலை, வீங்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன். நான் ஏணியில் ஏற முடியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அக்கா என் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு காலும் வீங்குனா வேலைடி. ஒத்தக் காலு வீங்குனா அதுக்கு வேற சோலி இருக்கு. கெளம்பு."

சூப்பர்வைசர் லீவு இல்லை என்றான். அக்கா துடைப்பத்தை அவன் கையில் கொடுத்து, "இவ செத்துப்போனா நீதான தொடைக்கணும். இப்பயே பழகிக்க" என்று இந்தியும் தமிழும் கலந்து சொன்னார். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் விட்டுவிட்டான்.

காலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டார்கள். என் ரத்தவாகு அப்படியாம், அதனால் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும், நிறுத்தவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் ஊசியோடு நின்றுபோனது. மாத்திரை விலையைக் கடையில் கேட்டபோது என் சம்பளத்தில் பாதி வந்தது. வேண்டாம்க்கா, கால்தானே, தன்னால சரியாயிரும் என்றேன்.

"கால்தான்னு நெனைக்காத. கால்ல இருக்கிற கட்டி நெஞ்சுக்கு வந்துருமாம். அந்த டாக்டரம்மா சொன்னதுல எனக்கு அது ஒண்ணுதான் விளங்குச்சு. அது ஒண்ணு போதும்" என்றார் அக்கா.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவில் என்னை ஒரு கடை வாசல் நிழலில் உட்கார வைத்துவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு மலையாளத்துத் தம்பி, "சேச்சி, குறைச்சுக் கேட்க இது என்ன கத்திரிக்காயா?" என்றிருக்கிறான். "கத்திரிக்காய்னா நான் ஏன்டா தம்பி ஒங்கிட்ட வாரேன்? இதே வேலையச் செய்ற வேற மாத்திரை இல்லவே இல்லைன்னு சொல்லு, போறேன்" என்று அக்கா அங்கேயே நின்றுவிட்டார். அப்புறம்தான் அவன், பழைய மாத்திரை ஒன்று உண்டு, டாக்டர்தான் மாற்றி எழுத வேண்டும் என்று சொல்லி ஒரு சின்ன கிளினிக்கைக் காட்டினான்.

அந்த டாக்டர் நல்ல மனுசன். பழைய மாத்திரை விலை ரொம்பக் குறைவு, ஆனால் அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும், சோதனையைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும், கீரையை ஒரு நாள் அள்ளித் தின்று மறுநாள் விடக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் உட்கார்ந்தார். "அம்புட்டையும் எங்கிட்ட சொல்லுங்கய்யா. இவ மண்டையில நிக்காது." அன்றிலிருந்து என் தட்டில் எத்தனை கரண்டி கீரை விழ வேண்டும் என்பதும் அக்கா கணக்குத்தான்.

அந்த மாத்திரை அங்கே பல சமயம் கிடைக்காது. மதுரையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில்தானே எங்களுக்கு எல்லாமே வரும், ஊறுகாய், நைட்டி, குழம்புப் பொடி என்று. டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அக்கா தன் தங்கச்சிக்கு அனுப்பினார். தங்கச்சியும் அக்கறையாக வாங்கி, ஊரிலிருந்து திரும்புகிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டது. வந்து சேர்ந்ததைத் திறந்தால், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா நிறைய மாத்திரை. ஒன்றுவிடாமல் அட்டையிலிருந்து பிதுக்கிக் கொட்டியிருந்தது. இரண்டு அளவு மாத்திரையும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, எது எந்த அளவென்று எனக்கே தெரியாது, இதில் ஒன்றுகூடப் போடக் கூடாது என்று மூடிவிட்டார்.

கிளினிக் வாசலிலேயே அக்கா போன் போட்டார். "ஏண்டி, மாத்திரைய மல்லிப்பொடின்னு நெனச்சியா, டப்பாவுல கொட்டி அனுப்ப?"

"அட்டை எடத்த அடைக்குதுக்கா. கிலோ வேற கூடுதுன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு. அந்த எடத்துல ஒனக்கு அதிரசம் வச்சேன்ல, தின்னியா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை வாயில் வைத்து அழுதார். அடுத்த ஆள் ஊரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். அதுவரைக்கும் விலை கூடின மாத்திரைதான், அதுவும் அக்கா காசில். அந்த மாதம் அக்கா மகளுக்குப் பணம் அனுப்பவில்லை. ஏன்க்கா இப்படி என்றதற்கு, "அவ ஊர்ல சோத்தத் தின்னுட்டுத்தான் இருக்கா. நீ போயிட்டா நான் யாரோட சண்டை போட?" என்றார்.

அதற்கப்புறம்தான் எங்கள் அறையில் அந்தச் சட்டம் வந்தது. மாத்திரை அட்டையோடு வர வேண்டும், பில்லோடு வர வேண்டும், டாக்டர் சீட்டும் கூட வர வேண்டும். பெட்டியில் முதல் இடம் மாத்திரைக்கு, மிச்ச இடத்தில்தான் அதிரசம். எனக்கு மட்டும் இல்லை. சர்க்கரைக்குப் போடுகிறவர்கள், பிரசருக்குப் போடுகிறவர்கள் எல்லாருக்கும் அக்கா இப்படித்தான் வரவழைத்தார். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் அந்த மாத்திரையைப் போட்டிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நான் ஊருக்கு வந்து சில வருசமாகிறது. இங்கே சோதனைக்கும் மாத்திரைக்கும் எனக்குக் கஷ்டமில்லை. கௌசல்யா கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று அக்கா மட்டும் இருந்துவிட்டார். கல்யாணம் இந்த ஆவணியில் என்று நிச்சயமாகியிருந்தது. கம்பெனி அவரை ஊருக்கு வெளியே தூரமாக இருக்கிற வேறு கேம்புக்கு மாற்றியது. வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுவார். "சோதிச்சியா? எம்புட்டு வந்துச்சு? கீரைய அளவாத் திங்கிறியா?" இதுதான் பேச்சு. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்.

கல் மாதிரி இல்லை. அக்காவோடு அந்தப் புதுக் கேம்பு அறையில் இருந்த சுமதி, இலங்கைப் பெண், கருமாதிக்கு அப்புறம் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். பங்குனியிலேயே அக்காவுக்கு ஒரு கால் வீங்கியிருக்கிறது. என்னவென்று அக்காவுக்குத் தெரியாதா? தானாகவே போய்க் காட்டியிருக்கிறார். அதே வியாதி. அந்தப் பக்கத்தில் அடிக்கடி ரத்தம் சோதிக்க வசதியில்லை என்பதால் விலை கூடின மாத்திரையைத்தான் எழுதினார்களாம். அதை அக்கா ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டிருக்கிறார். சுமதி சத்தம் போட்டதற்கு, "ஆவணியில ஊருக்குப் போயிருவேன்ல, அது வரைக்கும் இத வச்சு ஓட்டிக்கிறேன்" என்றாராம். செல்வி அக்காட்டச் சொல்லி ஊரிலிருந்து அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "அவகிட்டச் சொன்னா அவ பஸ் ஏறிப் போயி கௌசல்யாகிட்டச் சொல்லிருவா. கல்யாணத்த நிப்பாட்டிட்டு அழுதுகிட்டு நிப்பாளுக ரெண்டு பேரும். வாயத் தொறக்காத."

ஆமாம் அக்கா, பஸ் ஏறிப் போய்ச் சொல்லித்தான் இருப்பேன். அனுப்பியும் இருப்பேன், அட்டையோடு, பில்லோடு.

அக்கா உடலைத் திருவனந்தபுரம் வரைக்கும் விமானத்திலும், அங்கிருந்து வேனிலும் கொண்டு வந்தார்கள். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். மூச்சுத் திணறல் என்று கேட்டபோதே, சுமதி சொல்வதற்கு முன்பே, எனக்குச் சந்தேகம்தான், அதனால் காலைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். திறக்கக் கூடாதும்மா என்று வேனோடு வந்த ஆள் சொல்லிவிட்டார். கேட்கிறாளே பைத்தியக்காரி என்று சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள்.

அக்காவின் பெட்டி பின்னால் வந்தது. போன வாரம் கௌசல்யா தனியாகத் திறக்கப் பயந்து என்னைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச், சம்பந்தி வீட்டுக்குச் சென்ட் பாட்டில், கல்யாணத்தன்று தான் கட்டிக்கொள்ள ஒரு அரக்குச் சேலை. சேலைக்கு அடியில் மாத்திரை அட்டைகள், இன்னும் பிரிக்காமல்.

"சித்தி, இது நீங்க போடுறதுதானா? ஒங்களுக்கு ஆகுமா?" என்றாள் கௌசல்யா.

"எனக்கு ஆகாது கண்ணு. நான் போடுறது வேற. ஆனாலும் எங்கிட்டக் குடு."

வாங்கிக்கொண்டு வந்து என் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அக்கா எனக்கு உயிரைக் கொடுத்தார், அது உடம்போடு இருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க என்னிடம் இருப்பது இந்த அட்டைகள்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். ஆவணி வரைக்கும் மாத்திரை இருக்கிறது. அக்கா இல்லை.