ஆடியில் போட்ட விதையும் அளந்து குடித்த தண்ணீரும்

முதலில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகியது. மறுநாள் காலையில் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனது. இதைப் படிக்கும் பிள்ளைகளே, எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது படுத்தால், இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் குவைத்தில், ஃபஹாஹீலில் இருந்தோம். நான் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் நிலம் இருந்தது. எரு வாங்கிக் கலந்து அதைத் தோட்டமாக்கி வைத்திருந்தேன்.

ஆடிப்பெருக்கன்று ஏதாவது விதை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஊரில் அப்போது ஆற்றில் தண்ணீர் வரும். குவைத்தில் ஆடி என்றால் நெருப்பு. அது தெரிந்தும், வழக்கத்தை விட மனம் வரவில்லை. அந்த வருடம் ஆடிப்பெருக்கு விடுமுறை நாளில் வந்தது.

"என்னங்க, சாமிக்கு முன்னால ஒரு தொட்டியில ரெண்டு விதை போட்டாப் போதாதா?" என்றாள் என் மனைவி செல்வி.

"எடுத்த வேலைய முடிச்சிட்டு வந்துடறேன்."

"வெயில் உங்களை முடிச்சிடும்."

பாத்தி முழுக்க வெட்டி, வெண்டையும் கீரையும் போட்டு முடிக்கும்போது உச்சி வெயில். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போகவில்லை. வாசற்படி ஏறும்போது கண் இருட்டியது. அன்று மாலைதான் கால் இறுகியது.

ஆஸ்பத்திரியில் ஒரு திருச்சிக்கார டாக்டர் இருந்தார். சூட்டிலும் உழைப்பிலும் என் சதை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை (இரத்தத்தை வடிகட்டி வேண்டாததைச் சிறுநீராக வெளியேற்றும் உறுப்பு) அடைத்துவிட்டது என்றார்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"பல பேருக்குத் தானாத் திறந்துக்கும். உங்களுக்குத் திறக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. திறக்கலேன்னா டயாலிசிஸ் (இயந்திரம் வைத்து இரத்தத்தைக் கழுவுவது) பண்ணணும். காலம் பூரா பண்ண வேண்டி வந்தா, இங்க வேலையில நீடிக்கிறது கஷ்டம்."

உயிரும் பிழைப்பும் ஒரே முடிச்சில் இருந்தன. செல்வி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள்.

சிறுநீர் குறைந்துவிட்டதால் தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். முந்தின நாள் எவ்வளவு வெளியே போனதோ, அதற்குச் சற்று மேல்தான் மறுநாள் குடிக்கலாம். நாக்கு அட்டையைப் போல ஒட்டிக்கொள்ளும். பார்க்க வந்த மகன் சேகர் டம்ளரை எட்டிப் பார்த்தான்.

"அப்பா, இது கவிதாவோட சொப்புச் சாமானா?"

அவனுடைய அக்கா கவிதா அவனைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபின் முதல் சிரிப்பு அதுதான்.

ஒருநாள் சிறுநீர் கொஞ்சம் கூடியது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கூடியது. இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது தோட்டத்தில் ஒரு முளைகூட இல்லை. மணல் காய்ந்து பொடியாகக் கிடந்தது.

இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் தங்கிய கழிவு) இன்னும் அதிகமாக இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கீரை, தக்காளி கூடாது. அவற்றிலுள்ள பொட்டாசியத்தை (உடம்பில் மிஞ்சினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும் ஒரு தாது) பலவீனமான சிறுநீரகம் வெளியேற்றாதாம்.

வெயில் தணிந்தது. காலையில் ஜன்னல் கம்பி கைக்குக் குளிர்ந்தது. அந்த ஊரில் விதைப்புக்கு அதுதான் பருவம். குனியக் கூடாதென்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மூவரும் பாத்தியில் இறங்கினார்கள்.

"என்ன விதை போடட்டும்?" என்றாள் செல்வி.

"கீரை. தக்காளி."

"உங்களுக்கு ஆகாததா?"

"உங்களுக்கு ஆகுமே."

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ரொம்பத் தியாகம் பண்ணாதீங்க. நீங்களும் திம்பீங்க" என்றாள்.

கீரை அறுக்கும் பருவத்தில் மறுபடி இரத்தம் சோதித்தார்கள். டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "முழுசாப் பழையபடி ஆகல. ஆனா இது போதும். வேலைக்குப் போகலாம். கீரை கொஞ்சமாச் சாப்பிடலாம். இனிமே தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க" என்றார்.

அன்று செல்வி ஒரு கரண்டி கீரை மசியல் வைத்தாள். உப்பு பற்றவில்லை. தட்டை வழித்துத் தின்றேன்.

வியாதிக்கு முன்னால் உடம்பு எனக்கு ஒரு கருவி மாதிரி. எடுத்த வேலை முடியும்வரை அதைக் கீழே வைக்க மாட்டேன். இப்போது அது எனக்குத் துணையாக வந்திருக்கும் ஓர் ஆளைப் போல இருக்கிறது. மூச்சு வாங்கினால் நானும் அதோடு நிற்கிறேன். முன்பு ஒரே காலையில் கொத்திய பாத்திக்கு இப்போது மூன்று நாள் ஆகிறது. பாதியில் கவிதா கூப்பிட்டால், மீதி நாளைக்கு என்று மண்வெட்டியை அங்கேயே சாத்திவிட்டு, கை கழுவி உள்ளே போகிறேன்.