முன்னால் எட்டு, பின்னால் எட்டு

அன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய அண்ணன். பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர். அப்புறம், முந்தின நாள் நான் வாங்கி வந்த பழைய பைக்.

வடக்குத்து கிராமத்தில் எங்கள் வாசல் சின்னது. அதற்குமேல் ஆள் நிற்க இடமில்லை.

மனைவி டவுன்ஷிப்பில் மூன்று குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை பார்க்கிறாள். போக வர நடைதான். முழங்கால் வீங்கிவிட்டது. நான் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். காலை ஷிப்டுக்குப் போகும்போது அவளை இறக்கிவிடலாம். அதற்காகத்தான் பைக்.

நம்பர் 8128. மச்சான் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "மாப்ள, எட்டு சனி நம்பர். அதுல ரெண்டு எட்டு."

"கூட்டினா ஒண்ணு வருது மச்சான்," என்றேன்.

எட்டும் ஒன்றும் இரண்டும் எட்டும் பத்தொன்பது. அதைக் கூட்டினால் பத்து. அதைக் கூட்டினால் ஒன்று. எங்கள் பக்கம் இதைப் பார்க்காமல் யாரும் வண்டி எடுப்பதில்லை.

மனைவி ஒப்பவில்லை. "கூட்டினா என்னா? முன்னாடி எட்டு உங்களுக்கு, பின்னாடி எட்டு எனக்கு. பின்னாடி உக்கார்றது நான்தான?"

"ஏறலைன்னா சொல்லிடு," என்றார் மச்சான். "சாயங்காலமே நான் எடுத்துகினு போறேன். எனக்குச் சனி பழக்கம்தான்."

டீச்சர் கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தார். நம்பரைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, மீதி வராம இதை வகுக்குற நம்பரையெல்லாம் கூட்டுங்க. இதை மட்டும் விட்டுடுங்க. திரும்ப இதே வரும். பத்தாயிரத்துக்குள்ள இந்த மாதிரி நாலுதான். ஆறு, இருபத்தெட்டு, நானூத்தித் தொண்ணூத்தாறு, அப்புறம் உங்க வண்டி."

"பைக்குக்கும் டியூஷனா டீச்சர்?" என்றார் மச்சான்.

மனைவி ரேஷன் கடைத் தராசையே நம்பாதவள். கோலமாவை எடுத்து வந்தாள். "சொல்லு டீச்சர். சரியா வந்தா ஏறுறன். வரலைன்னா அண்ணன் எடுத்துகினு போவட்டும்."

டீச்சர் சொல்லச் சொல்ல, சிமென்டுத் தரையில் எழுதினாள். 1, 2, 4, 8, 16, 32, 64. அடுத்து 127. "இது பகா எண், அக்கா. எதாலயும் பிரியாது." அதன் பிறகு இரட்டித்துக்கொண்டே போனது. மாவு மச்சான் காலடிவரை வந்துவிட்டது.

"மொத்தம் பதிமூணு," என்று சொல்லிவிட்டு டீச்சர் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனார்.

மனைவி விரல்விட்டுக் கூட்டினாள். 4064 வந்தது.

"பாத்தியா, சரிபாதிதான்." மச்சான் சாவிக்குக் கை நீட்டினார்.

நான் ஐந்தாவதுவரை படித்தவன். பெரிய கூட்டல் வராது, எண்ண வரும். தரையில் பன்னிரண்டுதான் இருந்தது.

"மச்சான், செருப்ப எடுங்க."

எடுத்தார். அடியில் இன்னொரு 4064. ஓரம் கலைந்திருந்தது.

"அண்ணே, வேணும்னே மிதிச்சிகினு நின்னியா?"

"மாவும் வெள்ளை, செருப்பும் வெள்ளை. எனக்கு என்னா தெரியும்?"

மனைவி கையைக்கூடத் துடைக்கவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். சட்டையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. அங்கிருந்தபடியே இரண்டு 4064-ஐயும் கூட்டிச் சொன்னாள்.

8128.