நடு உறுப்பைப் பிரித்தல்

நான் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு, சித்தப்பாவும் பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் படித்தார். மற்றப் பாடங்களில் எப்போதோ தேறியிருந்தார். கணக்கு மட்டும் நின்றுபோயிருந்தது. தக்காளி லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, பத்தாவது பாஸ் என்றால் அரசு ஓட்டுநர் வேலைக்கு மனுப் போடலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியில் நான் போன டியூஷனிலேயே அவரும் சேர்ந்தார்.

கடைசி பெஞ்சில், பெரிய மீசையோடு, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சார் இருபடிச் சமன்பாடு போட்டார். நடுவில் இருந்த மைனஸ் ஐந்தை மைனஸ் ஏழு, பிளஸ் இரண்டு என்று பிரித்து எழுதினார். எனக்கு அந்த வரி விளங்கவில்லை; பேனா நின்றது. எல்லோரும் எழுதுகிறார்களே என்று குனிந்துகொண்டேன்.

“சார், அந்த அஞ்ச எதுக்குங்க ரெண்டா பிரிக்கறீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே” என்றார் சித்தப்பா.

வகுப்பே சிரித்தது. சார் முதலிலிருந்து தொடங்கினார்: பெருக்கினால் கடைசி எண் வரவேண்டும், கூட்டினால் நடு எண் வரவேண்டும். எனக்கும் விளங்கியது. ஆனால் அன்று மாலை டியூஷன் வாட்ஸாப் குரூப்பில் சித்தப்பாவின் முகம் ஸ்டிக்கராக வந்திருந்தது. கீழே, ‘இருந்துட்டுப் போவட்டுமே’. அதன் பிறகு பெண்கள் என்னைப் பார்த்தாலே அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்மாவிடம் அழுதேன். “சித்தப்பா வந்தா நான் போவ மாட்டேன்.” அவர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

மறுநாள் அவராகவே சொன்னார்: “காலைல லோடு இறக்கிட்டு அப்டியே டியூஷனுக்குப் போறதுதான் எனக்கு சவுரியம் கண்ணு. காலை பேட்ச்சுக்கு மாறிக்கறேன்.” நிம்மதியாக இருந்தது. என்னைக் கூட்டிவர மட்டும் மாலையில் பைக்கில் வந்து கீழே நிற்பார்.

அந்த வாரமே வடிவொத்த முக்கோணங்கள் ஆரம்பித்தன. சார் மளமளவென்று போய்க்கொண்டிருந்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு நாள் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார். முக்கோணம் வரைந்தேன், உள்ளே இணைகோடு போட்டேன், இரண்டு கோணங்களும் சமம் என்று எழுதினேன்.

“ஏன் சமம்? காரணம் எழுது” என்றார் சார்.

காரணம் தெரியவில்லை. ‘சமம்’ என்பதையே அழித்து மறுபடி எழுதினேன். பின்னால் யாரோ மெல்ல, “இருந்துட்டுப் போவட்டுமே” என்றார்கள்.

சார் வகுப்பின் சிரிப்பை அடக்கிவிட்டு, “உங்க சித்தப்பா பேட்ச் மாறின அன்னிக்கே சொன்னாருமா. புள்ள பேனா நின்னுச்சுன்னா அதுக்குப் புரியலன்னு அர்த்தம், வாய தொறந்து கேக்காது, நீங்களே இன்னொருவாட்டி சொல்லிடுங்க சார்னு. நான்தான் கவனிக்கல” என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கீழே இறங்கியதும் சித்தப்பா மேல் பாய்ந்தேன்.

“எனக்குக் கணக்கு வராதுன்னு சார்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?”

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார். “கடைசி பெஞ்சுல உக்காந்தா உன் பேனா நல்லாத் தெரியும் கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

என்னை வேவு பார்க்கத்தான் அத்தனை நாளும் அங்கே உட்கார்ந்திருந்தாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடு வந்து சேரும்வரை அவர் தோளைத் தொடாமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.